கிட்டாருக்குள் இருந்த கடதாசி

என் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது சொந்த வீட்டு மனிதரை வேவு பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. பார்க்கச் சொன்னவர் வாப்பா. நான் பார்த்தது மச்சானை, அதாவது என் மூத்த சகோதரி ராத்தாவின் புருஷனை. கூலி தோடம்பழ இனிப்பு. ஒரு செய்திக்கு ஒன்று. நல்ல செய்தி என்றால் இரண்டு. வாப்பாவுக்கு நல்ல செய்தி என்பது மச்சானைப் பற்றிய கெட்ட செய்தி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன். அதனால்தான் இவ்வளவு காலமும் இதைச் சொல்லவில்லை என்று சாட்டுச் சொல்லலாம். அது சரியில்லை. சொன்னால் வாப்பாவின் பெயர் கெடும் என்று இருந்துவிட்டேன். என் பெயரும்தான்.

வாப்பா நெல் வாங்கி விற்பவர். பெரும்போக நெல் வெட்டு முடிந்தால் எங்கள் வீட்டு முன்னறையில் மூட்டைகள் கூரையைத் தொடும். வீடு முழுக்கச் சொணை, நெல்லின் அரிப்புத் தூசி. சோற்றில் சொணை, பாயில் சொணை, கழுத்தைச் சொறிந்துகொண்டேதான் படிப்போம். வாப்பாவின் கையில் எப்போதும் ஒரு குத்தூசி இருக்கும். முழங்கை நீளம், கூர்முனை, நடுவில் வாய்க்கால் போலக் குழிந்த இரும்பு. மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே கிடக்கும் நெல் அந்தக் குழியில் வழிந்து கைக்கு வரும். மேலே நல்ல நெல்லைப் போட்டு நடுவில் சப்பியை, அரிசி வைக்காத வெறும் உமியை, நிரப்பி விற்கிறவர்கள் உண்டு. அதனால் வாப்பா ஒவ்வொரு மூட்டையையும் மூன்று இடத்தில் குத்துவார். நெல்லோடு பழகியே அவருக்கு மனிதர்களிலும் அந்தக் குணம் வந்துவிட்டது. உள்ளே இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உங்களுக்கு அது தெரியும். மச்சான் அட்டாளைச்சேனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் வாப்பாவும் அவரும் நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. மாமனாருக்கும் புதுமாப்பிள்ளைக்கும் இடையில் வெட்கம் மரியாதை எல்லாம் சேர்ந்து ஒரு சுவர். நான்தான் அந்தச் சுவரில் இருந்த ஓட்டை. மச்சான் அறைக்குள் நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். வாப்பா முன்னறையிலிருந்து என்னிடம் சொல்வார்:

"மனே, மச்சான்ட கேளு, சோறு திண்டுட்டாராமா எண்டு."

"திண்டாச்சு எண்டு மாமாட்ட சொல்லுங்க சின்ன மச்சான்."

"திண்டாச்சாம் வாப்பா."

"எனக்குக் கேட்ட, போடா."

மச்சான் பகலில் ரேடியோ திருத்துவார். கலியாணக் காலத்தில் ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிப்பார். காசு வந்தது கிட்டாரில்தான். ஆனால் கிட்டார் அவருடையது இல்லை, குழுத் தலைவருடையது. அந்தப் போகத்தில் தலைவரின் தம்பி வாசிக்கப் பழகிவிட்டான். தலைவர் சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "சொந்தமா ஒண்டு கொண்டு வந்தா உங்கட இடம் உங்களுக்கு. இல்லாட்டி தம்பி நிப்பான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த கலியாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

ராத்தா அப்போது ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். மச்சானின் சொந்தக்காரப் பொடியன்கள் எல்லாம் சவூதியில். அவர்கள் வரச் சொல்லி எழுதும் கடிதங்களை மச்சான் வாசித்துவிட்டு மடித்து வைப்பார். கிட்டார் இல்லை என்றால் அவருக்கும் அந்த வழிதான். ராத்தாவுக்கு அது தெரியும். ஒரு நாள் மத்தியானம் அவள் குசினியில் வைத்துக் கையில் சவர்க்காரம் பூசி ஒரு காப்பைக் கழற்றினாள். கை வீங்கியிருந்தது, காப்பு லேசில் வரவில்லை.

"புள்ள பொறக்கக்குள்ள நீங்க இஞ்ச நிக்கணும். எனக்கு வேற ஒண்டும் வேணா" என்றாள். மச்சான் காப்பை வாங்கும்போது என்னைப் பார்த்தார். நான் பானைக்குப் பின்னால் நின்றேன். அன்று பின்னேரம் எனக்கு இரண்டு இனிப்பு.

"காப்பா? எந்தக் காப்பு? எண்ட உம்மாட காப்பா?" வாப்பா மூட்டைமேல் குந்தினார். "கிட்டார் எண்டு சொல்லிப்போட்டு அத வித்து பிளேனுக்குக் கட்டப் போறான். நீ அவன விடாத. எங்க போறான், ஆரோட கதைக்கிறான், எல்லாம் எனக்கு வரணும்."

இப்படித்தான் நான் மச்சானோடு கிட்டார் பார்க்கப் போகத் தொடங்கினேன்.

முதலில் கல்முனை பசாரில் ரேடியோ விற்கும் கடை ஒன்று. கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு கிட்டார் தொங்கியது. மச்சான் எடுத்து மடியில் வைத்தார், கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தார், வைத்துவிட்டார். நான் தூக்கிப் பார்த்தேன். நல்ல பாரம். வீட்டில் வந்து பாரத்தைச் சொன்னதும் வாப்பாவுக்கு அந்தக் கிட்டாரைப் பிடித்துவிட்டது.

"பாரமான சாமான்தான் சாமான். அத ஏன் வேணாமாம்? கேளு."

அறைக்குள்ளிருந்து மச்சான் சொன்னார்: "அது முழுப்பலகை எண்டு சொல்லுங்க. கரண்டு நிண்டா ஊமை. கலியாண வீட்டில கரண்டு எத்தின தரம் நிக்கிது. கழுத்தும் வளைஞ்சு போச்சு, வெலயும் கூட. எனக்கு வயிறு உள்ள கிட்டார் வேணும். உள்ளுக்கு வெறுங்கூடு. கரண்டிலயும் வாசிக்கலாம், கரண்டு இல்லாட்டியும் சத்தம் வரும். ஹொலோ பொடி எண்டு சொல்ற."

வாப்பா சிரித்தார். அவர் சிரித்தால் எனக்குப் பயம். "உள்ளுக்கு ஒண்டும் இல்லாததா? சப்பி! காத்து வாங்கவா எண்ட மகள் காப்பக் கழட்டின?" பிறகு குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் சொன்னார்: "வெறுங்கூடு ஒருத்தனுக்கு என்னத்துக்கு? ஒளிக்கிறதுக்கு."

வெறுங்கூட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை மச்சான் ராத்தாவிடம் சொன்னதை நான் கேட்டேன், வாப்பாவிடம் சொல்லவில்லை. அதில் இனிப்புக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மாமனார் வீட்டில் ஸ்பீக்கர் வைத்துப் பழக மச்சானுக்கு வெட்கம். வயர் போடாமல் வாசித்தால் அந்தச் சத்தம் அறைக் கதவைத் தாண்டாது.

மட்டக்களப்பில், போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கியர் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதாக யாரோ சொல்லி, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினோம். கல்லடிப் பாலம் தாண்டும்வரை நான் மச்சானின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விற்கிறவர் தச்சு வேலை செய்யும் பெரியவர். வாவிப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. வாசலிலேயே பொலிஷ் மணமும் மரச்சீவலும். பாதி செய்த சவப்பெட்டி ஒன்று இரண்டு முக்காலிகளில் கிடந்தது. அதன் மேல் துணி விரித்துக் கிட்டாரை வைத்திருந்தார். ஓரம் கறுப்பு, நடுவே வரவரத் தேன் நிறம். வயிற்றின் இரண்டு பக்கமும் வயலினில் இருப்பதுபோல் நீளமாக வளைந்த துவாரங்கள். நான் தூக்கினேன். பாரமே இல்லை, காய்ந்த சுரைக்குடுவைபோல் இருந்தது. மனதுக்குள் வாப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டேன்: சவப்பெட்டி, பாரமில்லை, ஓட்டை.

"எண்ட தம்பிட சாமான். அவன் ஒஸ்திரேலியாவுக்குப் போய்த்தான். வாசிக்க ஆளில்லாமக் கிடக்கு" என்றார் பெரியவர். "இஞ்ச பாருங்க தம்பி, இந்த ஓரத்தில ஒரு வெடிப்பு. நான்தான் ஒட்டின. இனி விடாது. ஆனா சொல்லாம விக்க ஏலா. அதுக்கு வெலயில குறைச்சிரிக்கன்."

மச்சான் வயர் போடாமல் வாசித்தார். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளில் ஒன்றையும் விடாமல் அழுத்தி, எங்காவது இரைகிறதா என்று காதைப் பலகையில் வைத்துக் கேட்டார். பிறகு விரலால் வயிற்றைத் தட்டினார்.

"ஒட்டுப்பலகையா அங்கிள்?"

"ஓம், ஒட்டுப்பலகைதான். ஒத்தப் பலகையில குடைஞ்சது எண்டா உங்களுக்கும் வாங்க ஏலா, எனக்கும் வெச்சிரிக்க ஏலா. இந்த வெலைக்கு இதுதான் நல்லது. ஸ்பீக்கருக்குக் கிட்ட நிண்டா வெறுங்கூடு ஊளையிடும். ஒட்டுப்பலகை அந்த ஊளை குறைவு. எண்டாலும் தள்ளித்தான் நிக்கணும்."

சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் வயரைச் செருகினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பசார்க் கடைச் சிவப்புக் கிட்டார் கீச்சென்று கத்தும். இது தொண்டை கட்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கதைப்பதுபோல் இருந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர் முகம் அப்படி இருந்து நான் கண்டதில்லை.

பெரியவர் எனக்கு ஒரு துண்டு கேக் தந்தார். நான் வாங்கித் தின்றேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். வெடிப்பை அவரே காட்டினார் என்றதும் வாப்பா தொடையில் தட்டினார்.

"பாத்தியா? கொறையத் தானாச் சொல்றவன் அதவிடப் பெரிய கொறைய மறைக்கிறான். சாக்கில ஓட்டையக் காட்டிப்போட்டு சப்பிய விக்கிற மாதிரி."

"ஒட்டுப்பலகையாம் வாப்பா."

"தேயிலப் பெட்டி! தேயில அடைக்கிற ஒட்டுப்பலகைப் பெட்டிய வளைச்சு ஒட்டிப்போட்டு எண்ட உம்மாட காப்பக் கேக்கிறான் பறங்கி."

என்ன சொன்னாலும் காப்பு ராத்தாவுடையது. அடுத்த சனிக்கிழமை கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வாப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் நான் அதற்குப் பிறகு அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. மச்சான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் வீட்டு வாசலில் நிற்பதைக் கண்டேன். ஓடிப்போய்ச் சொன்னேன். மச்சானின் கையில் திருகாணி முடுக்கி இருந்ததையும், உள்ளே ஒரு கெசட் ரேடியோ கழற்றிக் கிடந்ததையும் கண்டேன். அதைச் சொல்லவில்லை. இரண்டு இனிப்பு.

பின்னேரங்களில் அறைக்குள்ளிருந்து அந்த மெல்லிய சத்தம் வரும். ராத்தா காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மச்சான் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் டோர்ச் லைட்டை எடுத்து ஒரு துவாரத்துக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே தூசி, மரவாசம். அடிப் பலகையில் சதுரமாக ஒரு கடதாசி. அச்சடித்த இங்கிலீஷ் எழுத்து, பேனையால் எழுதிய நீல இலக்கம், ஓரத்தில் வட்டமாக ஒரு முத்திரை.

அடுத்த வீட்டுக்காரர் சவூதி போகும்போது விசா என்று ஒரு கடதாசியை எல்லோருக்கும் காட்டினார். அதிலும் அச்செழுத்து, நீல இலக்கம், வட்ட முத்திரை. எனக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

வாப்பா கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். இனிப்பை மறந்துவிட்டார்.

மறுநாள் காலை மச்சான் வயரும் பிளக்கும் வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனார். உம்மா ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். வாப்பா கதவைச் சாத்திவிட்டுக் கிட்டாரைக் கொண்டுவந்து இரண்டு மூட்டைகளின் மேல் மல்லாத்தினார். குத்தூசியை எடுத்தார்.

"லைட்டப் புடி."

குத்தூசி துவாரத்துக்குள் போனது. இரும்பு பலகையைச் சுரண்டியது. கை பட்ட கம்பிகள் தானாக முனகின. வாப்பாவின் நெற்றியில் வேர்வை. கடதாசி பசை போட்டு ஒட்டியிருந்தது, வரவில்லை. அவர் முனையைத் திருப்பித் திருப்பிக் கிண்டினார். எதிலோ கொளுவியது. இழுத்தார். கறுப்பாக ஒரு மெல்லிய வயர் துவாரத்தின் வாய்வரை வந்து டக்கென்று அறுந்து உள்ளே விழுந்தது.

"வாப்பா, வயரு."

"சும்மா இரு. நூல்."

கடைசியில் பாதிக் கடதாசி வந்தது. வாப்பா அதை என்னிடம் தந்து "வாசி" என்றார். இலக்கத்தை மட்டும் வாசித்தேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் போனார், நானும் பின்னால் போனேன். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஜப்பானில செஞ்ச சாமான். கொம்பனிட பேரும் சாமான்ட இலக்கமும். கிட்டார்களுக்குள்ள ஒட்டுற லேபல். என்ன ஹாஜியார், ஆர்ர இது?"

"ரோட்டில கிடந்த" என்றார் வாப்பா.

வரும் வழியில் அவர் கடதாசியை இடுப்பு வாருக்குள் செருகிக்கொண்டார். வீட்டில் கிட்டாரைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார். பிறகு எனக்கு ஒரு பை நிறைய இனிப்புத் தந்தார். வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று இரவு சோறு தின்னும்போது, "கலியாணத்துக்கு நானும் வாறன் எண்டு மச்சான்ட சொல்லு" என்றார். மச்சான் கையிலிருந்த சோற்றுப் பிடியை வைத்துவிட்டு ராத்தாவைப் பார்த்தார். ராத்தா சிரித்தாள்.

எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி இல்லை. அது குழுத் தலைவரிடம்தான் இருந்தது. மச்சான் கலியாணம்வரை வயர் இல்லாமல்தான் பழகினார். வெறுங்கூடு முன்புபோலவே நன்றாகப் பாடியது. முழுப்பலகைக் கிட்டார் என்றால் ஸ்பீக்கர் இல்லாமல் சத்தமே வராது, அதனால் மச்சான் கலியாணத்துக்கு முந்தி எங்காவது ஒருதரம் செருகிப் பார்த்திருப்பார். இது பாடியதால் அவர் சந்தேகப்படவில்லை.

கலியாணம் நிந்தவூரில். அஸர் தொழுகைக்குப் பிறகு பந்தலில் பாட்டுத் தொடங்கியது. வாப்பா முன் வரிசையில் இருந்தார். மச்சான் வயரைச் செருகினார். 'கர்ர்' என்று ஒரு இரைச்சல். கம்பியைத் தட்டினார், இரைச்சல் மட்டும்தான். குமிழ்களைத் திருகினார், வயரை மாற்றினார், வேர்த்துவிட்டது.

"மாப்பிள்ளட பெட்டிக்கு வாய்வு அடைச்சிட்டு போல!" என்று ஒருவன் கத்தினான்.

"புதுமாப்பிள்ளைக்கு வெக்கம்டா. அவர்ர கிட்டாருக்கும் வெக்கம்!"

பந்தல் சிரித்தது. தலைவர் கையைக் காட்ட, அவருடைய தம்பி ஏறி நின்றான். மச்சான் மேடைக்குப் பின்னால் போய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கும் கேட்காமல், எல்லாப் பாட்டுக்கும் கடைசிவரை வாசித்தார். நான் பக்கத்தில் நின்றபடியால் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை அவர் அறையில் கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்துக் குலுக்கினார். உள்ளே எதுவோ கலகலத்தது. துவாரத்தால் பாயில் ஏதோ விழுந்தது. நெல். நான்கு நெல். குத்தூசியின் குழியில் ஒட்டிக் கிடந்தவை. மச்சான் குனிந்து அவற்றைப் பார்த்தார். தலையை நிமிர்த்திக் கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நான் நின்றேன். கேட்கவில்லை. நெல்லைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ராத்தா தேத்தண்ணியோடு வந்து, "என்னவாம் அதுக்கு?" என்றாள்.

"பறங்கியர் ஏமாத்திட்டார்" என்றார் மச்சான்.

அந்தச் சொல் முன்னறைக்கும் கேட்டது. வாப்பா அதைப் பிடித்துக்கொண்டார். தான் அறுத்தது வெறும் நூல் என்று அவர் உண்மையாகவே நம்பினாரா, நம்ப விரும்பினாரா, எனக்கு இன்றும் தெரியாது. மச்சான் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போக மறுத்துவிட்டார். வாப்பா கிட்டாரைச் சாக்கில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனார். பெரியவரின் வீட்டுக்குள் போகவில்லை. கேற்றடியில் நின்று சத்தம் போட்டார்.

"கள்ளச் சாமான வித்துப்போட்டு உள்ளுக்கு இரிக்கியா? வெளிய வா! தேயிலப் பெட்டியக் காப்புக்கு வித்த மனிசன் நீ!"

ஒழுங்கையில் சனம் கூடியது. பெரியவர் வந்து கிட்டாரை வாங்கி, ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைத் துவாரத்துக்குள் விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆரோ இரும்பு விட்டுக் கிண்டியிரிக்காங்க. வயர் அறுந்து கிடக்கு. லேபலும் கிழிஞ்சிரிக்கி." வாப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "மகன், நீ வந்து பாத்த தானே. நல்லா இருந்தது தானே. வீட்டில என்ன நடந்த எண்டு நீ சொல்லு."

வாப்பாவின் கை என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

"தெரியா" என்றேன்.

பெரியவர் உள்ளே போய்க் காசைக் கொண்டுவந்து, எண்ணாமல் வாப்பாவின் கையில் வைத்தார். முழுக் காசும்.

அந்தக் காசில் காப்பைத் திருப்பி வாங்கவில்லை. குழுவில் இடம் போனது, கிட்டாரும் போனது. மச்சான் அந்தக் காசை ஏஜென்சிக்காரரிடம் கொடுத்தார். இந்த முறை திருகாணி முடுக்கி கொண்டு போகவில்லை. பிள்ளை பிறக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது பயணம் சரிவந்தது. போகும் காலையில் முன்னறைக்கு வந்து வாப்பாவுக்கு ஸலாம் சொன்னார். பிறகு முதல் தடவையாக, இடையில் நான் இல்லாமல் சொன்னார்:

"மாமா, நெல்லு மூட்டையள அறையோட ஒட்டி அடுக்காதீங்க. புள்ளைக்குச் சொணை புடிக்கும்."

வாப்பாவின் கை இடுப்பு வாருக்குப் போய்விட்டு வந்தது. பஸ் போனபிறகு ராத்தா நிலத்தில் குந்தி அழுதுகொண்டிருக்க, வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "நான் அப்பவே சொன்ன. இவன் போவான் எண்டு."

மச்சான் இருபது வருடம் சவூதிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மூத்த பிள்ளையை அதற்கு இரண்டு வயது ஆனபிறகுதான் கண்டார். கிட்டாரைப் பிறகு தொடவில்லை. ஊரோடு வந்து நின்றபின் நானும் அவரும் பின்னேரங்களில் கடற்கரையில் இருப்போம். எத்தனையோ கதைத்தோம். இதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு பின்னேரமும் எனக்குள் ஒரு சந்தேகம். போன வருடம் அவர் மௌத்தானார். வாப்பா அதற்கு எத்தனையோ வருடம் முந்தி.

ராத்தாவின் இத்தா, விதவையாய் வீட்டுக்குள் இருக்கும் காலம், முடிந்தபிறகு ஒருநாள் நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நெல்லு உழுந்தத நானும்தான் கண்ட" என்றாள். "தேத்தண்ணியோட கதவுக்குப் பின்னால நிண்ட. வாப்பா எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டு. அவருக்கும் விளங்கிட்டு. அவர் பறங்கியர்ட தலையில போட்டார், நானும் சரி எண்டு விட்ட. வாப்பாவ என்னண்டு விட்டுக்குடுக்கிற?"

"அப்ப எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்." கத்தியை வைத்தாள். "தம்பி, அந்தப் பறங்கி மனிசன்ட போய் ஆராவது சொன்னீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாளைக்குக் காலத்தால போவம்" என்றாள் ராத்தா.

மட்டக்களப்பில் அந்த ஒழுங்கை அடையாளம் தெரியவில்லை, கேட்டுக் கேட்டுப் போனோம். கேற்றைத் திறக்காமல் உள்ளே நின்று என் வயது மனிதர் ஒருவர் கேட்டார், "ஆரு வேணும்?" கிட்டார் என்று நான் வாயெடுத்ததும் முகம் மாறியது.

"பழைய கிட்டார் தேடி இப்ப கனபேர் வாறாங்க. இஞ்ச ஒண்டும் இல்ல. பப்பா கண்ண மூடிக் கனகாலம்."

"வாங்க வரல்ல தம்பி" என்றாள் ராத்தா. "ஒரு காலத்தில எங்கட வாப்பா இஞ்ச வந்து நிண்டு உங்கட பப்பாவ ஏசினார்."

அவர் கேற்றுக்குக் கிட்ட வந்தார். "கல்முனை ஆக்களா? நான் ஜன்னல்ல நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். சாக்கில சுத்திக் கொண்டு வந்த." அவர் கை கேற்றுக் கொண்டியைப் பிடித்திருந்தது. "அதுக்குப் பிறகு பப்பா ஒருத்தருக்கும் சாமான் விக்கல்ல. திருத்தக் குடுத்தாலும் எடுக்கல்ல."

"அவர்ல ஒரு பிழையும் இல்ல. வயர அறுத்தது எங்கட வாப்பா. அதச் சொல்லத்தான் வந்தம்."

"தெரியா எண்டு சொன்ன பொடியன் நான்" என்றேன். "எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார், ராத்தாவின் கையிலிருந்த பையைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் ஒழுங்கையில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"சரி. இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்டும் வேணா" என்றாள் ராத்தா.

"ஒண்டும் வேணாட்டி என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்த?"

ஸலாம் சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, "வாறம்" என்று திரும்பி நடந்தோம். மூலையில் ராத்தாவுக்கு மூச்சு வாங்கியதால் நின்றோம். திரும்பிப் பார்த்தேன். அவர் கேற்றைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கே வந்து, நாங்கள் உண்மையாகப் போகிறோமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.